தூக்கிப் போட்டது யார்?

டிரெவர் மில்லம் எழுதிய 'சேட் ஐ எம்ஸ்' என்ற கவிதை, நமது இடைநிலைப்பள்ளி ஆங்கில இலக்கியப் பாடத்தில் இடம்பெற்ற ஒன்று. பயனற்றுப்போன, தூக்கி எறியப்பட்ட பொருள்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் ஒருவரின் குரல் அது. 'கருப்பொருள்: தனிமை' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்தக் கவிதை எனக்குள் எழுப்பும் கேள்வி வேறு. அப்பொருள்களைத் தூக்கிப் போட்டது யார்?

பகடிவதை என்றதும் அடிதடியும் பணப் பறிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒதுக்கிவைப்பதை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் மலாய்மொழி அடைவுநிலை போதாத மாணவர்கள், படிவம் 1-க்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில்வது வழக்கம். கிள்ளானில் நானும் அவ்வகுப்பில் பயின்றேன். ஆறாண்டுகள் ஒன்றாகப் படித்த தோழிகள் சிலர் நேரே படிவம் 1-க்குச் சென்றார்கள். அதன்பின் சிற்றுண்டிச்சாலையில் எங்கள் மேசைக்கு அவர்கள் வரவில்லை. பழைய வகுப்பின் புலனக் குழு அடங்கிப்போனது. நாங்கள் இல்லாத புதுக்குழு ஒன்று பிறந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆகவே ஆசிரியரிடம் சொல்ல எங்களிடம் புகார் எதுவும் இல்லை.

மிரட்டியும் இழிவாகப் பேசியும் பிறரைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்க, குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், பக்கத்து நாற்காலியில் புத்தகப்பையை வைத்துவிட்டு, "இங்கே ஆள் இருக்கு" என்று சொல்பவரை எந்தச் சட்டம் கேட்கும்?

"யாரோடு பழகுவது என்பது என் விருப்பம்தானே?" எனச் சிலர் கேட்கலாம். நட்பு விருப்பம்தான். வகுப்பின் நாற்காலியும் குழுப்பணியும் வகுப்புப் புலனக் குழுவும் அப்படியல்ல. அவை எல்லாருக்கும் உரியவை.

இத்தகைய கவிதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவிஞரின் உணர்வு என்ன என்று கேட்பதோடு, 'நம் வகுப்பில் நாம் யாரை விட்டுவிட்டோம்?' என்றும் கேளுங்கள். பதிலை உரக்கச் சொல்ல வைக்காதீர்கள். ஒதுக்கப்பட்டவரை அது மேலும் கூச வைக்கும். அவரவர் நோட்டில் எழுதினால் போதும்.

மாணவ நண்பர்களே, மனம் தாங்காத நிலை வந்தால் 15999 என்ற உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். அந்த நிலை வரும்வரை ஒருவரைத் தனியே விடாமல் இருப்பது நம் கையில் உள்ளது. நாளை ஓய்வு நேரத்தில், அந்தப் புத்தகப்பையை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.