வேர் விடும் குடும்பங்கள்

பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு

அயல்நாட்டில் வாழும் தமிழர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை எவை? பெரிய பெட்டி, வாசனைச் சோப்பு, தைலப் புட்டி, மாதந்தோறும் ஊருக்கு வரும் பணம். இன்னும் சிலருக்கு, "பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள், மொழியை மறந்தார்கள்" என்னும் குறைபாடு. புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கங்களிலிருந்து வரும் என் வகுப்பு நண்பர்களில் பலருக்குச் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ உறவினர் உண்டு. அப்படியிருந்தும் அவர்களைப் பணத்தாலும் குறையாலும் மட்டுமே அளக்கிறோம். அவர்களுடைய படைப்பாற்றலை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

படைப்பாற்றல் என்றதும் கவிஞரையும் ஓவியரையும் நினைக்க வேண்டா. இருப்பதை வைத்து இல்லாததை ஈடுசெய்யும் அன்றாட அறிவைத்தான் சொல்கிறேன்.

வெள்ளாற்றங்கரை வயல்களில் நடவைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் பறிக்கும்போதே நாற்றின் வேர்களில் பல அறுந்துபோகின்றன. நட்ட சில நாட்கள் பயிர் வெளுத்துத் தலைசாய்ந்து நிற்கும். பிறகு தண்டின் அடிக்கணுக்களிலிருந்து புதுவேர்கள் கிளம்பும். பயிர் பச்சை பிடிக்கும். அறுந்த வேர் மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. அதே பயிர்தான் புது வேர் விடுகிறது. குடிபெயர்ந்த குடும்பங்களின் கதையும் இதுவே.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். 1819-இல் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து சென்ற நாராயண பிள்ளையின் முயற்சியால், 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுந்த கோயில் அது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற மக்களின் கோயில். கற்கோயில் கட்டும் காலம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்நாட்டில் கிடைத்த ஓலையைக் கொண்டே தொடங்கினார்கள். அதைவிடச் சிறப்பு, அக்கோயிலை அவர்கள் பயன்படுத்திய விதம். கப்பலிறங்கிய புதியவர்களுக்கு வேலை கிடைக்கும்வரை அதுவே தங்குமிடம். இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமும் அதுவே. ஊரில் பெரியப்பாவும் தாய்மாமனும் பங்காளிகளும் செய்யும் வேலையை, உறவற்ற ஊரில் ஒரு கோயில் செய்தது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பெரும்பாலும் கோடையை ஒட்டி நடக்கும் தீமிதி, அங்கே ஐப்பசியில் தீபாவளிக்கு முன்பாக நடக்கிறது. மாதம் மாறிற்று; பக்தி மாறவில்லை.

இனி அடுக்களைக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-இல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்படிக் குடியேறிய இந்தியரின் வழிவந்தோர் வாழும் அந்நகரில்தான், ரொட்டியின் நடுவைக் குடைந்தெடுத்து அதனுள் குழம்பை ஊற்றி உண்ணும் 'பன்னி சௌ' பிறந்தது. அங்கே ரொட்டியே தூக்குவாளி; கழுவும் வேலையும் இல்லை. மொரீசியசிலோ, தமிழர் விருந்தில் வாழையிலையில் பரிமாறும் 'ஏழு கறி' ஒரு தனி மரபாகவே வளர்ந்துவிட்டது.

"மாறிவிட்டால் அது நம்முடையதாகுமா?" என்று சிலர் கேட்பர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வழியாக இங்கு வந்தது. அதற்குமுன் நம் குழம்புக்கு உறைப்புத் தந்தது மிளகு. மிளகாய்க் குழம்பு நம்முடையதானால், டர்பன் ரொட்டிக்குள் இருக்கும் குழம்பை மட்டும் அந்நியம் என்பானேன்?

என் வீட்டையே சொல்கிறேன். என் தந்தையார் ஒன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டடத் தொழிலாளி. ஒர்க் பர்மிட்டில் செல்லும் தொழிலாளர் அங்கே குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள விதியில்லை. குறித்த அளவுக்குமேல் சம்பளம் பெறுவோருக்கே அந்த வாய்ப்பு. ஆகவே எங்கள் குடும்பம் ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களில் நடக்கிறது. அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதற்காக அம்மா எங்கள் இரவுச் சாப்பாட்டை ஆறரை மணிக்கு மாற்றினார். அப்போது அப்பாவுக்கு ஒன்பது. செம்பில் சாய்த்துவைத்த கைப்பேசியில் அப்பா இருக்க, நாங்கள் சாப்பிடுவோம். அவர் அறையில் பன்னிரண்டு பேர் முறைவைத்துச் சமைக்கிறார்கள். அப்பாவின் முறையன்று, "புளி கரைச்சு ஊத்திட்டீங்களா? இப்ப தீயைக் கொறைங்க" என்று அம்மா இங்கிருந்தே சொல்லிக்கொடுப்பார். தங்கையின் மதிப்பெண் அட்டைக்கு அப்பாவின் கையெழுத்துத்தான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அப்பா தாளில் கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பினார். அவள் அதை அச்செடுத்து ஒட்டிக்கொண்டாள். இவையெல்லாம் எந்தப் பள்ளியிலும் கற்ற வித்தையல்ல.

ஆனால், "ஆகா, என்ன சாமர்த்தியம்!" என்று பாராட்டி நிறுத்திவிடுவதையும் நான் ஏற்கவில்லை. விரும்பிப் புதுமை செய்வது வேறு. வேறு வழியின்றிச் செய்வது வேறு. தங்கைக்கு அப்பாவின் கையெழுத்துக் கிடைத்தது. அவள் காய்ச்சலில் படுத்தபோது நெற்றியைத் தொட அப்பாவின் கை கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். என் படிப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் அந்தப் பிரிவு கலந்திருக்கிறது. எனவே திறமையைப் போற்றுவோம்; பிரிவை இயல்பென்று ஏற்க வேண்டா. உழைப்பை வரவேற்கும் நாடு, உழைப்பவனின் மனைவி மக்களையும் ஆண்டுக்கு ஒரு மாதமேனும் உடனிருக்க விடவேண்டும். இங்கேயே பிழைக்க விரும்புவோருக்கு நம் மாவட்டத்திலேயே நல்ல கூலியுள்ள வேலை பெருகவேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை, அவர்கள் பணத்தில் படிக்கும் நமக்கு உண்டு; கடமையும் உண்டு.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் தமிழ் மன்றமும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து, வரும் கோடை விடுமுறையில் ஒரு தொகுப்பு முயற்சியைத் தொடங்கலாம். அயல்நாடு சென்றவர்களின் குடும்பங்கள் கண்ட புதுவழிகளை ஒவ்வொரு மாணவரும் தம் தெருவில் கேட்டு எழுதிவரட்டும். பழைய வான்தபால் கடிதங்கள், கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகள், மாற்றிச் சமைத்த குழம்புகளின் பக்குவம் எல்லாம் பரணில் கிடந்து அழியுமுன் தொகுக்கப்பட வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், முதல் பக்கத்தை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.