பழி பைக்கா, அவசரத்துக்கா?

அவுஸ்திரேலியாவில் வீட்டில் பியர் தயாரிப்போர் 2000களின் நடுப்பகுதியில் பரவலாக்கிய முறையொன்று, இன்று பல நாடுகளிலும் கைக்கொள்ளப்படுகிறது. அரைத்த பார்லி மோல்ட்டைத் துணிப்பையில் இட்டு, வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பையைத் தூக்கிவிட்டால் எஞ்சுவது இனிப்புச் சாறு. அதே பாத்திரத்திலேயே அதைக் கொதிக்கவைக்கலாம். மலிவான வழி என்பதால் பியரும் மட்டமாகவே இருக்கும் என்று இதனை ஒதுக்குவோர் உளர். இத்தீர்ப்பு நியாயமற்றது என்பதே எனது கருத்து.

சாறு போதிய இனிப்பின்றி இருப்பதே முதல் முறைப்பாடு. தானியம் கொரகொரப்பாக அரைக்கப்பட்டிருக்கும். அல்லது கட்டி தட்டி, உள்ளே நனையாமல் கிடந்திருக்கும். பையே வடிகட்டியாக இருப்பதால் சற்று நுண்ணியதாக அரைக்கலாம். நன்கு கிளறவும் வேண்டும். வெப்பநிலை 65 முதல் 68 பாகை செல்சியஸுக்குள் நிற்பது நல்லது. மிகையாகச் சூடேறினால், மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்கள் அழிந்துவிடும். பை உள்ளே இருக்கையில் அடுப்பை எரிப்பதாயின், அடியில் ஒரு கம்பித்தட்டு அவசியம். இல்லையேல் துணி கருகும்.

பையைப் பிழிந்தால் பியர் துவர்க்கும் என்பது பழைய அச்சம். உமியிலிருந்து துவர்ப்பை இறக்குவது மிகை வெப்பமும் நீரின் அமிலத்தன்மைக் குறைவுமே; கையின் அழுத்தம் அன்று. தாராளமாகப் பிழியலாம். ஆனால் 5 கிலோ தானியம் நீரை உறிஞ்சி ஏறத்தாழ இருமடங்கு எடையாகிவிடும். சுடுநீர் சொட்டும் அச்சுமையை ஒற்றைக் கையால் தூக்க முனைவது தீக்காயத்தை விலைக்கு வாங்குவதாகும். ஒரு கப்பி போதும்.

கொதித்து ஆறிய பின் நேரும் தவறுகளுக்கும் பைக்கும் தொடர்பே இல்லை. அதன்பின் சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான் கற்ற பாடம் கசப்பானது. மெல்பேர்ணில் உறவினர் வீட்டில், குமிழிகள் நின்றுவிட்டன என்று நம்பி, நொதித்தல் முடியுமுன்னரே போத்தலில் அடைத்தோம். சில நாட்களின் பின், நள்ளிரவில் ஒரு போத்தல் வெடித்தது. கண்ணாடித் துண்டுகள் அறையெங்கும் சிதறிக் கிடந்தன. பகலில் அங்கேதான் குழந்தைகள் விளையாடியிருந்தார்கள். நீரமானி இரண்டு மூன்று நாட்களாக ஒரே அளவைக் காட்டிய பின்னரே அடைத்திருந்தால் இது நேர்ந்திராது.

பழி பைக்குரியதன்று, எமது அவசரத்துக்கே உரியது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இதனைச் செய்வோர் பணத்தை மிச்சப்படுத்தட்டும். பொறுமையை மிச்சப்படுத்த வேண்டாம்.