எஞ்சினுக்கும் பத்தியம் உண்டு

கராஜிலே மாதக் கணக்கில் பிரித்துக் கிடந்த மோட்டார் வண்டி, எஞ்சின் புதுக்கப்பட்டு வீடு திரும்பும் நாள், யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றுக்கு ஏறக்குறையக் கலியாண நாளைப் போன்றது. வண்டி படலையைத் தாண்டு முன்னரே சிறுவர் ஏறிக்கொள்வர். பிள்ளையார் வாசலிலே தேங்காய் உடைக்கப்படும். சக்கரத்தின் கீழே தேசிக்காய் வைக்கப்படும். கராஜ்காரர் கொடுத்த கணக்கைக் கண்டு கலங்கியிருந்த வீட்டுத் தலைவரும் அன்றொரு பொழுது அதனை மறந்திருப்பார். இந்த மகிழ்ச்சியைக் குலைப்பது நமது நோக்கமன்று. ஆயினும், மெக்கானிக் தொடங்கிய வேலையை முதல் 500 மைல் ஓட்டுகிறவரே முடித்து வைக்கிறார் என்பதைப் பலர் அறிந்திலர். அதனைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணினோம்.

பழைய எஞ்சினைப் புதுக்குவது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று. 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் கார்களும், அவற்றின் பின் வந்த கேம்பிறிட்ஜ் கார்களும், மொறிஸ் மைனரும் பிறந்த நாட்டிலே காட்சிப் பொருளாகிவிட்ட பின்னரும் குடாநாட்டிலே வாடகைக்கு ஓடின. சில இன்றும் ஓடுகின்றன. வறுமை மாத்திரம் இதற்குக் காரணமென்று சொல்லுதல் பொருந்தாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளிலே பணம் படைத்தவரும் கராஜ் வாசலிலே நிற்க நேர்ந்தது.

ஆனால் எஞ்சினைப் பற்றிய உண்மையான கல்வியை நம் ஊர் கற்றது அதற்கும் முன்னர். 1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினால் குடாநாட்டிலே பெற்றோல் காணக்கிடையாப் பொருளாயிற்று. ஜாம் போத்தலிலே பஞ்சும் திரியுமிட்டு, ஒரு சிறங்கை எண்ணெயிலே இரவு முழுதும் பிள்ளைகள் படித்த காலம் அது. அந்த மண்ணெண்ணெயிலேயே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சிறு குப்பியிலே வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரிலே விட்டு எஞ்சினைக் கிளப்புவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது வெறுங் கைவித்தையன்று. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும்; ஆதலால் குளிர்ந்த எஞ்சினிலே அது ஆவியாகாது. 1940களிலே பிரித்தானியாவிற் செய்யப்பட்ட பேர்கசன் உழவு யந்திரங்களில் ஒரு வகை இதே முறைக்கென்றே அமைக்கப்பட்டிருந்தது. ஏ 40இன் எஞ்சினும், காற்றையும் எரிபொருளையும் 7.2க்கு 1 என்ற அளவிலேதான் அமுக்குவது. அதனால் அந்தத் தாழ்ந்த எண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. 10க்கு 1க்கு மேல் அமுக்கும் இக்காலத்துக் கார் அதனைப் பொறுக்குமென்று எவரும் கனவு காண வேண்டாம்.

பொறுத்துக்கொண்டதேயொழிய, ஏ 40 தப்பிக்கொள்ளவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர்வழியே வழிந்து கீழே உள்ள எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. றிங் என்று வழங்கும் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தன, கரி படிந்தது, வெளியேறும் புகை தெருவையே மறைத்தது. குடாநாட்டு மெக்கானிக்மார் எஞ்சின் பிரிப்பதிலே கை தேர்ந்தமைக்கு அந்தப் புகையும் ஒரு காரணமென்றே நாம் கருதுகிறோம்.

இனி மாணவ நேயர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எஞ்சினைப் புதுக்குதல் என்றால் யாது செய்கிறார்கள்? தேய்ந்து முட்டை வடிவாகிவிட்ட சிலிண்டரைக் கடைந்து, ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 20 அல்லது 30 பங்கு பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்ரனை இடுவர். கடைந்து கடைந்து சுவர் மெலிந்துவிட்டால் உள்ளே புதிய உறையொன்றை இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவர். இவ்வளவும் முடிந்தபின் பளபளவென்றிருக்கும் சுவரிலே வேண்டுமென்றே குறுக்கும் மறுக்குமாக நுண்கோடுகளைக் கீறுவர். வழுவழுப்பாக்கியதை ஏன் மீண்டும் கீற வேண்டும்? வீட்டிலே அம்மி கொத்துவதைக் கண்டிருப்பீர்கள். தேய்ந்து வழுக்கும் அம்மியிலே மிளகாய் அரைபடாது. உளியாற் கொத்திய பின்னரே பிடிக்கும். சிலிண்டரும் அவ்வாறே. அந்தக் கோடுகளிலே ஒயில் தங்கும். அவற்றின் மேடுகளோடு உராய்ந்தே புதிய வளையம் சுவருக்குப் பொருந்தத் தன்னைத் தீட்டிக்கொள்ளும். கொத்திய அம்மியிலே முதலில் அரைத்ததை மண் கடிக்குமென்று நம் தாய்மார் வழித்து எறிந்துவிடுவார்கள் அல்லவா? முதல் ஒயிலை 500 மைலுக்குள் வடித்துவிட வேண்டுமென்று மெக்கானிக் சொல்வதும் அதனாலேதான். உராய்ந்த உலோகப் பொடி அதிலே மிதக்கும்.

வடமராட்சியிலே நாம் அறிந்த குடும்பமொன்று. தந்தையார் கேம்பிறிட்ஜ் காரொன்றை வாடகைக்கு ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். எஞ்சின் செய்து வண்டியை ஒப்படைத்த முதிய மெக்கானிக், அப்பொழுதுதான் சாரதிப் பத்திரம் பெற்றிருந்த மூத்த மகனைப் பார்த்து, “தம்பி, இது பிள்ளைப்பெத்த உடம்பு மாதிரி. கொஞ்ச நாளைக்குப் பத்தியம் காக்க வேணும், கண்டியளோ” என்றார். மகன் தலையசைத்தான். அன்று மாலையே நண்பர் நால்வரை ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியிலே வண்டியின் முழு வேகத்தையும் பார்த்துவிட்டான். புதிய பிஸ்ரன் சூட்டினால் விரிந்து சுவரைப் பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் நீலப் புகை கிளம்பியது. அது வைகாசி மாதம். ஒப்புக்கொண்டிருந்த கலியாண ஓட்டங்கள் யாவும் வேறொருவர் வண்டிக்குப் போயின. இளைய மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு வைத்திருந்த பணம் மீண்டும் சிலிண்டர் கடைய விடப்பட்டது. தந்தையார் மகனை ஏசவில்லை. இரண்டாம் முறை எஞ்சின் பிரித்தபோது, காலை தொடக்கம் மாலை வரை கராஜிலே அவனை இருத்தி, ஒவ்வோர் ஆணியையும் அவன் கையாலேயே கழுவுவித்தார்.

இக்கதையைக் கேட்டுவிட்டு, வண்டியை முற்றத்திலே நிறுத்தி மணிக்கணக்காக எஞ்சினை மெல்ல ஓடவிடும் பெரியவர்களும் உளர். அது மறுகோடித் தவறு. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அமுக்கமே. சுமையில்லாத எஞ்சினிலே அமுக்கம் குறைவு. கோடுகள் தீட்டப்படாமலே மெழுகியதுபோல் மூடிக்கொள்ளும். அதன்பின் எத்தனை மைல் ஓடினாலும் அவ்வண்டி ஒயில் குடிப்பதை விடாது. பத்தியமென்றால் பட்டினியன்று.

அக்காலக் கைநூல்கள் முதல் 500 மைலுக்கு மணிக்கு 30 மைல் வரையான வேகத்தையே பொதுவாக அனுமதித்தன. நமது குடாநாடோ சிறியது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 20 மைல். போய் வருவது பன்னிரண்டு தடவையானால் கணக்குச் சரி. ஏற்றமில்லாத நிலமாயினும் கவலை வேண்டாம். கோப்பாய், நீர்வேலி கடந்து வல்லை வெளியை அடைந்தால், எதிர்க்காற்றே ஒரு மலையின் வேலையைச் செய்துவிடும். அங்கே ஒரே வேகத்திலே இழுத்துக்கொண்டு போகாமல், சிறிது அழுத்தி வேகமெடுப்பதும் பின் காலைத் தளர்த்துவதுமாக மாறி மாறி ஓட்டுதல் நன்று. அழுத்தும்போது வளையம் தீட்டப்படும். தளர்த்தும்போது ஒயில் மேலெழுந்து சுவரைக் குளிர்விக்கும். சில நூறு மைல் ஓடியதும் சிலிண்டர்த் தலையின் ஆணிகளை மெக்கானிக்கைக் கொண்டு மீண்டும் இறுக்குவித்து, வால்வு இடைவெளியையும் பார்ப்பித்தல் வேண்டும். “வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது” என்று இதனைத் தள்ளிப்போடுவோரே அதிகம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறுவன. கேத்தலின் அடியிலே வெண்மையாகப் படியும் அதே பொருள்தான் றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கிறது. ஆயிரக் கணக்கிற் செலவிட்டு எஞ்சின் செய்தவர், கிணற்றடி வாளித் தண்ணீரை அதிலே ஊற்றுவதைக் காணும்போது நமக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. மாரியிலே பிடித்து வைத்த மழைநீர் மிக நன்று.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது கழற்றிய பழைய பிஸ்ரன்களையும் வளையங்களையும் மறவாமற் கேட்டு வாங்குங்கள். மாற்றினார்களா என்ற ஐயம் நீங்கும், பிள்ளைகளுக்கும் பாடமாகும். பிஸ்ரனின் பக்கத்திலே நெடுங்கீறல்கள் இருந்தால் தூசியோ ஒயிற் குறைவோ காரணமாகலாம். தலையிலே சிறு குழிகள் விழுந்திருந்தால் எரிபொருள் காலந் தப்பி வெடித்துத் தட்டியிருக்கிறது. பழைய கராஜ்கள் சிலவற்றிலே, குழி விழுந்து கரியேறிய அத்தகைய பிஸ்ரனொன்று கணக்குத் தாள்கள் பறவாதபடி மேசைமேல் வைக்கப்பட்டிருக்கக் காணலாம். அது எந்த ஆண்டு கழற்றியதென்று கேட்டுப் பாருங்கள். கராஜ்காரர் வேலையை நிறுத்திவிட்டு மண்ணெண்ணெய்க் காலத்துக் கதையைத் தொடங்குவார்.