லயத்துக்கு ஒரு புத்தகம்!

பெருமாள்மலைக் காப்பித் தோட்டத் தோழர்களே! மில் தோழர்களே! கதைப் புத்தகம் வேலையற்றவர்களுக்கு என்று ஒதுக்காதீர்கள். நமது வாழ்வே அச்சேறியிருக்கிறது!

டி. செல்வராஜின் ‘தோல்’, நமது திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் சங்கம் கண்டு போராடிய கதை; 2012-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தோட்ட டாக்டராயிருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’, ஆனைமலைத் தேயிலைக் காட்டில் கங்காணிகளிடம் சிக்கியவர்களின் கதை. பாமாவின் ‘கருக்கு’ (1992), சாதிக் கொடுமையைப் பட்டறிந்து எழுதிய சொந்த வாழ்க்கை.

படித்தால், தலைவிதி என்று நம்பியது மனிதர் செய்த அநீதி என்பது விளங்கும்.

தனியாக வாங்க முடியாதா? லயத்துக்கு ஒன்று வாங்குவோம். எழுத்தறிந்தவர் உரக்கப் படிக்கட்டும், எல்லோரும் கேட்போம். வரும் ஞாயிறே தொடங்குவோம்!