அங்கே ஏன் போனார்கள்?

அண்மையில் துவாக்குடியில் ஒரு வலீமா விருந்துக்குச் சென்றிருந்தேன். உணவு முடிந்தபின் பந்தலின் ஓரத்தில் நாற்காலிகளை வட்டமாக இட்டு அமர்ந்தோம். பெரும்பாலோர் பாரத மிகுமின் தொழிலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். சிலர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்து நடத்துபவர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் வந்து நின்றது. அவையில் மூத்தவர் ஒருவர், "அதெல்லாம் சரி. தடையுத்தரவு இருக்கிறது என்று தெரிந்தும் அங்கே ஏன் போனார்கள்? வீட்டில் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார்களே!" என்றார். பல தலைகள் அசைந்தன. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் மட்டும், "அத்தா, சுட்டவர்கள் ஏன் சுட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே!" என்றான். "நீ சும்மா இரு" என்ற அதட்டலோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அப்பெரியவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவர் உத்தமர், யாருக்கும் தீங்கு நினையாதவர். ஆனால், உத்தமர்கள் வாயிலிருந்து வருவதால்தான் அந்தக் கேள்வி ஆபத்தானதாகிறது. துப்பாக்கி ஒருமுறைதான் சுடுகிறது. "அங்கே ஏன் போனார்கள்?" என்ற வினாவோ, மாண்டவரை மீண்டும் மீண்டும் சுடுகிறது, சுட்டவரை ஒவ்வொரு முறையும் விடுவிக்கிறது.

அவர் சொன்ன தடையுத்தரவையே எடுத்துக்கொள்வோம். 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்தனர். 144ஆவது பிரிவின்கீழ்த் தடையுத்தரவு இருந்தது உண்மையே. அதை மீறியது குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். அக்குற்றத்திற்கு அன்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவு விதித்த தண்டனை என்ன தெரியுமா? ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறலால் மனித உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவ்வளவே! நீதிபதி விசாரித்து, சாட்சி கேட்டு, குற்றம் மெய்ப்பட்ட பின்னும் இதற்கு மேல் ஒரு நாள் கூட்டித் தண்டிக்க இயலாது. ஆனால், அந்நாளிலும் மறுநாளிலும் போலீஸாரின் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. 200 ரூபாய்க் குற்றத்திற்கு உயிரை அபராதமாக வாங்கும் அதிகாரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

"கல் எறிந்தார்கள், வண்டிகளைக் கொளுத்தினார்கள், போலீஸாருக்கும் காயம் பட்டது" என்பர் சிலர். மறுக்கவில்லை. எறிந்தவனைப் பிடியுங்கள், கொளுத்தியவனைக் கூண்டில் ஏற்றுங்கள். சட்டம் அதற்குத்தானே இருக்கிறது? ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்த இடத்தில் சிலர் கல்லெடுத்தால், வந்தவர் அத்தனை பேரும் கல்லெடுத்தவர் ஆகிவிடுவரோ? கலவரத்தை அடக்க இராணுவத்தை அழைக்கும்போதுகூட, இயன்ற மட்டும் குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் இயன்ற மட்டும் குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் இராணுவ அதிகாரிக்கே கட்டளை இடுகிறது. போர்க்களம் கண்ட சிப்பாய்க்கு இந்தக் கட்டுப்பாடு என்றால், ஊருக்குள் காவல் புரியும் போலீஸாருக்கு எத்தகைய கட்டுப்பாடு வேண்டும்!

இது வெறும் வாதமன்று. நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணைக் கமிஷன் நான்காண்டுகள் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கு உரிய தூண்டுதல் இருக்கவில்லை, சிதறி ஓடியவர்கள் சுடப்பட்டார்கள், போலீஸார் வரம்பு மீறினார்கள் என்று அது கண்டது. அதிகாரிகள் முதல் காவலர் வரை போலீஸ் துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை வேண்டும் என்றும் சொல்லிற்று. ஓடுகிறவன் முதுகைக் காட்டுகிறான். முதுகைக் காட்டுபவனால் யாருக்கு என்ன ஆபத்து? "அங்கே ஏன் போனார்கள்?" என்று கேட்பவர்கள், அவர்கள் அங்கிருந்து போய்க்கொண்டிருந்தபோது சுடப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

தூத்துக்குடி நமக்குத் தொலைவு என்று எண்ணவேண்டாம். துவாக்குடியிலிருந்து தஞ்சைச் சாலை வழியே திருவெறும்பூரைக் கடந்து திருச்சிக்கு நாள்தோறும் போய் வருகிறோம். அந்த வழியை ஒட்டித்தான் பொன்மலை இருக்கிறது. 1946 செப்டம்பர் 5 அன்று, வேலைநிறுத்தம் செய்திருந்த தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள்மீது அங்கே மலபார் ஸ்பெஷல் போலீஸார் சுட்டனர். ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களை நினைவு கூர்கிறார்கள்.

அப்போது வெள்ளையர் ஆட்சிதானே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் நடந்தது காங்கிரஸ் மந்திரிசபை. பிரதம மந்திரி த. பிரகாசம். 1928இல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது சென்னை வீதியில் துப்பாக்கிமுன் மார்பைத் திறந்து காட்டியதற்காக நாடே போற்றிய அதே பிரகாசம்! அன்று அவரிடம் எவரும் "அங்கே ஏன் போனீர்?" என்று கேட்கவில்லை, வீரர் என்றனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவருடைய ஆட்சியில் ஐந்து தொழிலாளர் மார்பில் குண்டு பாய்ந்தது. நாற்காலி மாறினால் நியாயமும் மாறிவிடுமோ?

கட்சி மாறியும் கதை மாறவில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலிக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் சென்றவர்கள் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கினர். 17 பேர் மாண்டனர். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்று ஆண்டது ஒரு கட்சி. 2018இல் ஆண்டது அதற்கு எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியாய் இருக்கும்போது கண்ணீர்; ஆளுங்கட்சியானதும் "சமூக விரோதிகள் ஊடுருவினர்" என்ற அறிக்கை. இரண்டுக்கும் இடையில் மாறாதிருப்பது மாண்டவர் வீட்டு இருள் ஒன்றே.

இனி நம் வீட்டுக்கே வருவோம். 2020 பிப்ரவரி 14 இரவு, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் கூடியிருந்தவர்கள்மீது போலீஸார் தடியடி நடத்தினர். செய்தி பரவிய இரவே தமிழகமெங்கும் நம் மக்கள் வீதிக்கு வந்தனர். அந்த இரவில் நம் வீடுகளில் யாராவது "அங்கே ஏன் போனார்கள்?" என்று கேட்டோமா? இல்லை. "அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களை அடிக்கலாமா?" என்றே கேட்டோம். சரியான கேள்வி அதுதான். ஆனால், அடிபட்டவர்கள் நம்மவர்கள் என்பதால்தானே அது நம் நாவில் எளிதாக வந்தது? அடிபட்டவர் கடற்கரை மீனவராகவோ, மலைத்தோட்டக் கூலியாகவோ இருந்தால் நம் கேள்வி ஏன் தடம் மாறுகிறது? தனக்கொரு தராசு, பிறருக்கொரு தராசு வைத்திருப்பவன் கடைத்தெருவில் மட்டுமே மோசக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. நீதியின் சாட்சியாய் நிற்கும்படி ஏவப்பட்ட சமுதாயத்திற்கு இந்த இரட்டைத் தராசு இழுக்கன்றோ?

"போலீஸார் என்ன செய்வார்கள்? மேலிடத்து உத்தரவு" என்பதும் அடிக்கடி கேட்கும் சமாதானம். காவலர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம். ஓய்வின்றி உழைக்கிறார்கள் என்பதையும் அறிவோம். ஆயினும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 1930 ஏப்ரல் 23 அன்று, பெஷாவரில் கான் அப்துல் கப்பார் கான் கைதானதைக் கண்டித்து மக்கள் நிராயுதபாணிகளாய்க் கிஸ்ஸா கானி கடைவீதியில் திரண்டனர். அவர்களில் பலர் குண்டுக்கு இரையாயினர். ஆனால், கார்வால் படையினரின் ஒரு பிரிவு, சந்திர சிங் கார்வாலியின் தலைமையில், சுட மறுத்துவிட்டது. நிராயுதபாணிகளான பட்டாணிய முஸ்லிம்களைச் சுடமாட்டோம் என்று நின்றவர்கள் இந்துச் சிப்பாய்கள். அதற்காக இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார்கள். உத்தரவு என்பது மனச்சாட்சியை ஒப்படைத்து வாங்கும் ரசீதன்று என்பதை அவர்கள் காட்டிச் சென்றார்கள்.

அத்தகைய வீரத்தை ஒவ்வொரு காவலரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆகவேதான் சட்டம் காவல் நிற்க வேண்டும். இன்றைய நிலை என்ன? விசாரணைக் கமிஷன் சொல்வது வெறும் பரிந்துரை. அது எவரையும் கட்டுப்படுத்தாது. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காகப் போலீஸ் அதிகாரிமீது வழக்குத் தொடர வேண்டுமானால் சர்க்காரின் முன் அனுமதி தேவை. பழைய சட்டத்தில் 132ஆவது பிரிவாக இருந்த இந்தக் கவசம், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 151ஆவது பிரிவாகத் தொடர்கிறது. எந்த ஆட்சியின் போலீஸார் சுட்டார்களோ, அந்த ஆட்சியே அனுமதி தரவேண்டும் என்றால், வேலியே பயிரை மேய்ந்ததா என்று வேலியிடமே விசாரிப்பது போலாகும். இந்த அனுமதியை வழங்கும் உரிமை ஆட்சியாளரிடமிருந்து நீங்கி நீதிமன்றத்திடம் சேரவேண்டும். நாம் கேட்கவேண்டியது இதைத்தான்.

ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு நமக்கு அளித்திருக்கிறது. கூடுவது உரிமை என்றால், "ஏன் கூடினாய்?" என்று கேட்பதே பிழை. வாக்களித்தவனிடம் "ஏன் வாக்களித்தாய்?" என்று யாரேனும் கேட்பதுண்டோ?

பெரியவரே! மகனை அதட்டி அமர்த்திவிட்டீர்கள். அவனுடைய உயிர்மீது கொண்ட அன்பினால் அதட்டினீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் சிந்தியுங்கள். நாளை ஏதேனும் ஒரு நியாயத்துக்காக அவன் ஒரு வீதியில் நிற்க நேரலாம். அன்று ஊர் கூடி உங்கள் வாசலில் அமர்ந்து, "அங்கே ஏன் போனான்?" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அந்தக் கேள்வியை அந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவராய் இருக்க வேண்டாம். அந்தப் பிள்ளை கேட்டதே கேள்வி. அதற்கு விடை கிடைக்கும் வரை நாமும் அவனோடு சேர்ந்து கேட்போம்.