பழைய காரில் டர்போ பொருத்தலாமா? எஞ்சினும் சட்டமும் சொல்வது என்ன?

ஒரே கார். ஒரே 999 சிசி. இரண்டிலும் 3 சிலிண்டர்கள்தான். ஆனால் ஒன்றின் சக்தி 72 பிஎஸ், மற்றொன்றின் சக்தி 100 பிஎஸ். சென்னை அருகே ஒரகடம் ஆலையில் தயாராகும் நிசான் மேக்னைட்டின் சாதாரண மாடலுக்கும் டர்போ மாடலுக்கும் உள்ள வித்தியாசம் இது. இழுவிசையில் இடைவெளி இன்னும் அதிகம்: சாதாரண மாடலில் 96 நியூட்டன் மீட்டர், கியரை கையால் மாற்றும் டர்போ மாடலில் 160 நியூட்டன் மீட்டர்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் கார் பிரியர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. "அப்போ நம்ம பழைய வண்டியிலயும் ஒரு டர்போ மாட்டிட்டா போதுமே?" டர்போசார்ஜர் ஆன்லைனில் கிடைக்கிறது. பொருத்துவதைக் காட்டும் வீடியோக்களும் ஏராளம். ஆனால் எஞ்சின் தாங்குமா, அதைச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும், இந்தியச் சாலையில் அந்த வண்டியை ஓட்டலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே பர்ஸைத் திறக்க வேண்டும்.

திடீரென எல்லா காரிலும் டர்போ ஏன்?

இதற்கு வரியும் ஒரு முக்கியக் காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜிஎஸ்டி வந்தபோதும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தில், இந்த வரம்புக்குள் வரும் கார்களுக்கு 18 சதவிகிதம், அதைத் தாண்டும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவிகிதம் என வரி நிர்ணயிக்கப்பட்டது.

எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி எகிறும். சிறிய எஞ்சினிலேயே அதிக சக்தி வேண்டுமென்றால் கைவசம் உள்ள வழி டர்போ. ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர், டாடா நெக்ஸானின் 1.2 லிட்டர், மாருதி ஃப்ராங்க்ஸின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின்கள் எல்லாம் இந்தக் கோட்டுக்குள்தான் நிற்கின்றன.

டர்போ உண்மையில் என்ன செய்கிறது?

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் அதனால் இழுக்க முடியாது.

டர்போசார்ஜரில் ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். சைலன்சர் பக்கம் வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தி அதிகரிக்கும். இந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான் 'பூஸ்ட்' என்கிறார்கள். அளவு மீறினால் புகையைத் திசைதிருப்பி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது 'வேஸ்ட்கேட்' வால்வு. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் முறை வரைகூடச் சுழலும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் சரியில்லை என்றால் முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

சென்னை வெயிலில் ஒரு கணக்கு

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வெளியே 40 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். 0.5 பார் பூஸ்ட் கொடுத்தால் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்காகும். 70 சதவிகிதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து வெளிவரும்போது அந்தக் காற்றின் வெப்பம் சுமார் 95 டிகிரி. சூடான காற்று விரிவதால், எஞ்சினுக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று 50 சதவிகிதம் அல்ல, சுமார் 28 சதவிகிதம்தான். இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது சுமார் 43 சதவிகிதமாக உயரும்.

இன்டர்கூலரைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டால் சக்தி குறைவதோடு பிரச்னை முடியாது. சூடான காற்று எஞ்சினையே உடைக்கும்.

எஞ்சின் ஏன் உடைகிறது?

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ, சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். உள்ளே அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால், மீதமுள்ள கலவை தானாகவே ஒரே நேரத்தில் வெடிக்கும். இதுதான் 'நாக்கிங்'. சாதாரண எஞ்சினில் லேசான 'டக் டக்' சத்தத்தோடு போய்விடும் இது, பூஸ்ட் இருக்கும்போது சில விநாடிகளிலேயே பிஸ்டனில் ஓட்டை போடலாம். கனெக்டிங் ராடு வளையலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம்.

டர்போ இல்லாத எஞ்சின்களில் கம்ப்ரஷன் விகிதம் பொதுவாக 10-க்கு மேல் இருக்கும். உள்ளே வரும் காற்றை ஏற்கெனவே பலமாக அழுத்தும் எஞ்சினுக்கு, முன்பே அழுத்திய காற்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் உண்டு.

1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரை அறிமுகம் செய்தது. உலகின் முதல் டர்போ பயணிகள் கார்களில் ஒன்று அது. அதன் கம்ப்ரஷன் விகிதம் 10.25. நாக்கிங் வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அதற்கென்று தனி டேங்க் இருந்தது. அது தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் திரவத்தை நிரப்பப் பலர் மறந்துபோனார்கள், கோளாறுகள் தொடர்ந்தன. இரண்டே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள். இத்தனைக்கும் அது ஒரு பெரிய நிறுவனம் தானே வடிவமைத்து விற்ற கார்.

நிறுவனங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

மீண்டும் மேக்னைட்டுக்கே வரலாம். அதன் டர்போ மாடலில் இருப்பது, சாதாரண எஞ்சினில் டர்போவை மாட்டிய வடிவம் அல்ல. அது வேறொரு எஞ்சின். ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காரில் பயன்படுத்திய சிலிண்டர் உட்பூச்சு முறை இதிலும் இருப்பதாக நிசான் விளம்பரப்படுத்தியது. கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே கதை வேறு.

டர்போவுக்கென்றே உருவாகும் எஞ்சின்களில் பிஸ்டன், ராடு, வால்வு, கேஸ்கெட், ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் என எல்லாமே கூடுதல் சூட்டையும் அழுத்தத்தையும் மனதில் வைத்துத் தீர்மானிக்கப்படுகின்றன. கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அதற்கேற்ப மாறும். பழைய காரில் டர்போ மட்டும் வந்தால், எஞ்சின் தப்பித்தாலும் கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. டர்போ இல்லாத கார்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் பெரும்பாலும் 1 பார் அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். பூஸ்ட் வந்து அழுத்தம் அதைத் தாண்டினால் இசியூவுக்கு அது தெரியவே தெரியாது. பழைய கணக்கிலேயே பெட்ரோலைத் தெளிக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. நாக்கிங்குக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் வேண்டாம்.

அப்படியானால் எதைக் கற்க வேண்டும்?

டர்போவைப் போல்ட் போட்டு முறுக்குவது இந்த வேலையின் எளிய பகுதி. முறையாகக் கற்க விரும்புபவர்கள் அளவிடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் படி, எஞ்சினின் ஆரோக்கியம். கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டெஸ்ட் எடுத்து ஒவ்வொரு சிலிண்டரின் நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ போடுவது, வலுவில்லாத சுவர் மேல் மாடி கட்டுவதுதான்.

இரண்டாவது, டேட்டா. ஓபிடி ஸ்கேனரைச் செருகி, வண்டி ஓடும்போது வெப்பம், இக்னிஷன் டைமிங், பெட்ரோல் திருத்த அளவு ஆகியவை எப்படி மாறுகின்றன என்று படிக்கப் பழக வேண்டும். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் காற்று-பெட்ரோல் விகிதத்தை அறிய முடியாது. முழு பூஸ்டில் அந்த விகிதம் 14.7 அல்ல. பெட்ரோல் கூடுதலாக, ஏறக்குறைய 11.5 முதல் 12.5 வரை இருக்கும்படி வைப்பார்கள்.

மூன்றாவது, எரிபொருள். இப்போது பங்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோல் இதில் இருபக்கமும் வேலை செய்கிறது. எத்தனாலால் ஆக்டேன் கூடுவது நாக்கிங்கைத் தடுக்க உதவும். ஆனால் இ20 முழுமையாக எரியத் தேவையான காற்றின் அளவு 14.7-லிருந்து சுமார் 13.5 ஆகக் குறைகிறது. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். இன்ஜெக்டரும் ஃபியூயல் பம்பும் அந்த அளவைக் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் செட்டிங்கை அப்படியே காப்பி அடித்தால் கணக்கு தவறிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே எந்த டர்போ, எவ்வளவு பூஸ்ட் என்ற தேர்வும், டைனோ இயந்திரத்தில் வைத்து சிறுகச் சிறுக அழுத்தத்தைக் கூட்டும் டியூனிங்கும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. சிஎன்ஜி போன்ற மாற்று எரிபொருள் கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம், அனுமதி பெற்று அதே வகை எஞ்சினைப் பொருத்துவது போன்றவற்றுக்கு மட்டும் வழி இருக்கிறது.

2019 ஜனவரியில் கேரளம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உற்பத்தியாளரின் அசல் வடிவமைப்புக்கு முரணாக வாகனங்களை மாற்ற முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"பொல்யூஷன் சர்டிஃபிகேட் வாங்கியாச்சே, அப்புறம் என்ன?" என்ற வாதம் எடுபடாது. பெட்ரோல் கார்களுக்கான அந்தச் சோதனை வண்டி நின்ற இடத்தில், சுமை இல்லாமல் நடக்கிறது. அப்போது டர்போ வேலையே செய்யாது. ஆனால் ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன் நடக்கும் பிஎஸ்6 சோதனை வேறு ரகம். 2023 ஏப்ரல் முதல் உண்மையான சாலை ஓட்டத்தில் வரும் புகையும் அதில் கணக்கில் எடுக்கப்படுகிறது. வீட்டில் டியூன் செய்த எஞ்சின் அந்தச் சோதனையைப் பார்த்ததே இல்லை.

டர்போ காரிலேயே சாஃப்ட்வேரை மாற்றி சக்தியைக் கூட்டும் 'ரீமேப்' முறைக்கும் இதே சிக்கல் உண்டு. பாகம் எதுவும் மாறவில்லை என்றாலும், சான்று பெற்ற பூஸ்டும் புகை அளவும் மாறிவிடுகின்றன. வாரண்டி பறிபோகலாம். மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படும் அபாயமும் இருக்கிறது. 5,000 ரூபாய் அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி.

ஆசை இருப்பவர்கள் எங்கே போவது?

பந்தயத்தளமும் கல்லூரிப் பட்டறையும்தான் இதற்கான இடங்கள். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் 'ஃபார்முலா பாரத்' போட்டியில் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களோடு இறங்குகிறார்கள். ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் எஞ்சின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும். எல்லா காற்றும் 20 மில்லிமீட்டர் துவாரம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் டர்போவுக்கும் அனுமதி உண்டு. இந்த வேலையைக் கற்க அதைவிட நல்ல பாடசாலை கிடைப்பது அரிது. படிப்பை முடித்தவர்களுக்கு, சாலையில் ஓட்டாத, பந்தயத்தளத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் காரும் லைசென்ஸ் பெற்ற பந்தய அணிகளின் பட்டறையும் இருக்கின்றன.

ஆபீஸ் போய்வரும் காரில் கூடுதல் பிக்கப் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு, கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் காருக்கு மாறுவதுதான் செலவு குறைந்த வழி. அப்படி வாங்கியவர்கள் மூன்று பழக்கங்களைக் கடைப்பிடித்தால் போதும்: சொன்ன கிரேடு ஆயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றுவது, காலையில் எஞ்சின் சூடேறும் வரை ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இருப்பது, நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தியதும் உடனே ஆஃப் செய்யாமல் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐட்லிங்கில் விடுவது.