2½ லட்சம் பேர் பதில் சொல்லியும் தப்பான கணக்கு! ஆன்லைன் சர்வேயில் விடுபட்டது யார்?

செல்போனைத் திறந்தால் ஒரு லிங்க். "காய்ச்சல் இருக்கா? தடுப்பூசி போட்டாச்சா?" என்று வரிசையாகக் கேள்விகள். டிக் அடிச்சு அனுப்பினா வேலை முடிஞ்சுது. மருத்துவ ஆராய்ச்சிக்கு இப்போது இப்படியும் தகவல் சேர்க்கிறார்கள். செலவு குறைவு, வேகம் ஜாஸ்தி. ஆனா கணக்கு சரியா வருமா?

கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

அங்குள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பேஸ்புக்குடன் சேர்ந்து ஆன்லைன் சர்வே நடத்தியது. வாரத்துக்கு சுமார் 2½ லட்சம் பேர் பதில் கொடுத்தார்கள். 2021 மே மாதத்தில் தடுப்பூசி போட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், அரசு கணக்கைவிட 100-க்கு 17 பேரை அந்த சர்வே கூடுதலாகக் காட்டியது!

அதே சமயத்தில் ஆக்சியோஸ் செய்தி நிறுவனமும் இப்சாஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய சர்வேயில், ஒவ்வொரு முறையும் சுமார் ஆயிரம் பேர்தான். அதுவும் ஆன்லைன்தான். ஆனால் அது அரசு கணக்கை ஒட்டியே வந்தது. 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இந்த விஷயத்தைப் போட்டு உடைத்தது.

டேப்லெட் கொடுத்து கேட்டார்கள்

ரகசியம் பெரிசா ஒண்ணுமில்லை. ஆயிரம் பேரைக் கேட்டவர்கள், வீட்டு முகவரிப் பட்டியலில் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். இன்டர்நெட் இல்லாத வீட்டுக்கு டேப்லெட் கொடுத்து (மாத்திரை இல்லீங்க, கையடக்க கம்ப்யூட்டர்) பதில் வாங்கினார்கள்.

பேஸ்புக் சர்வேயில் விருப்பப்பட்டவர்தான் பதில் சொன்னார். கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள் அதில் குறைவு. அந்தக் குறையைக் கணக்கில் சரி செய்யவும் இல்லை. படித்தவர்கள்தான் அங்கே ஊசியும் முந்திப் போட்டார்கள்.

இதுல நமக்கென்ன நஷ்டம்னு நினைக்காதீங்க. "முக்கால்வாசி பேர் போட்டாச்சு" என்று அதிகாரி நம்பிவிட்டால், போடாத ஜனம் இருக்கும் தெருவுக்கு எதுக்கு வண்டி அனுப்பப் போகிறார்?

மூக்கு கொடுத்த துப்பு

அதுக்காக ஆன்லைன் கேள்வித்தாளே வேஸ்ட் என்று தள்ளவும் முடியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2020 மார்ச்சில் ஒரு செல்போன் ஆப் விட்டார்கள். சுமார் 25 லட்சம் பேர் உடம்புக்கு என்ன செய்யுது என்று அதில் பதிந்தார்கள். இங்கிலாந்தில் டெஸ்ட் எடுத்தவர்களில், கொரோனா உறுதியானவர்களில் 100-க்கு 65 பேர் வாசனை, ருசி தெரியலை என்றார்கள். கொரோனா இல்லாதவர்களில் அப்படிச் சொன்னது சுமார் 23 பேர்தான். 2020 மே 18-ந்தேதி அந்த அரசும் இதை கொரோனா அறிகுறியாகச் சேர்த்தது.

பதில் சொன்னவர்களுக்குள்ளேயே இப்படி ஒப்பிட்டுப் பார்த்துத் துப்புப் பிடிக்கலாம். 'நாட்டில் 100-க்கு எத்தனை பேர்' என்று எண்ணும்போதுதான் கோட்டை விடுகிறார்கள்.

பேஸ்புக் சர்வேயை மற்ற நாடுகளில் மேரிலேண்ட் பல்கலைக்கழகம் நடத்தியது. இந்தியாவும் அதில் உண்டு. 2022 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பேஸ்புக் கணக்கு உள்ளவர்களுக்குத்தான் அழைப்பு. சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவுக்கு பேஸ்புக் கணக்கு இல்லை என்றால், அவர் வீட்டுக் காய்ச்சல் அந்தக் கணக்கில் ஏறியே இருக்காது.